திண்டுக்கல் வட்டாரப் பழங்கணினிகளில் பின்னணி நிரல்களின் நினைவக நுகர்வும் அதன் ஒடுக்கமும்: ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை

பழங்கணினி என்பது உரிமையாளர் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் கணினி. வயதை வைத்து அதை வரையறுப்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? ஆறு ஆண்டுக்கு முன் வாங்கிய கணினி வீட்டு வரவேற்பறையில் துணி போர்த்தி இருந்தால் புதியது. அதுவே ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டால் பழையது. எனவே நினைவகத்தை அளவுகோலாகக் கொள்வதே தக்கது. விண்டோஸ் 11 ஓடக் குறைந்தது 4 ஜிபி வேண்டும் என்று 2021இல் மைக்ரோசாஃப்ட் விதித்தது. அதற்குக் கீழ்ப்பட்டவை எல்லாம் இங்கே பழங்கணினி. விண்டோஸ் 7, விண்டோஸ் 10 ஆகியவற்றுக்கு 32 பிட்டில் 1 ஜிபியும் 64 பிட்டில் 2 ஜிபியும் போதும் என்று அதே நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த அளவில் கணினி எழுந்து நிற்கும். நடக்கும் என்று யாரும் வாக்களிக்கவில்லை.

பின்னணி நிரல் என்பது, ஒருவரும் கூப்பிடாமல் கணினி எழும்போதே கூட எழுந்து, திரையில் முகம் காட்டாமல், நினைவகத்தில் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பது.

ஆய்வுக் களம் திண்டுக்கல் நகரமும் சுற்றுச் சமவெளியும். கொடைக்கானலும் சிறுமலையும் விலக்கப்பட்டுள்ளன. மலைக்குளிரில் கணினியின் சூடு குறைந்து முடிவுகள் திரிபடக்கூடும் என்பது இதற்கு எழுதப்படும் காரணம். பயணப்படி கிடைக்காதது எழுதப்படாத காரணம்.

முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுவது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி. எல்காட் நிறுவனம் வழியாக வாங்கப்பட்ட இதன் தொடக்கக் காலத் தொகுதிகள் 2 ஜிபி நினைவகத்தோடு, விண்டோஸையும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஒருசேரத் தாங்கி வந்தன. படித்த பிள்ளை வேலைக்குக் கோவையோ சென்னையோ போய்விட, மடிக்கணினி அப்பாவின் கடைக்கு வந்து பில் போடுவது இவ்வட்டாரத்தில் அதன் இரண்டாம் பருவம். திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985 செப்டம்பர் 15. இரண்டும் ஒரே தேதியில் அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. அது அண்ணா பிறந்த நாள் என்று ஒரு வரியில் விளக்கிவிடலாம். விளக்கிவிட்டால் ஓர் இயல் குறையும். ஆகவே இது மேலாய்வுக்குரியது என்று விடப்படுகிறது.

முன்னோர் கண்டவை

ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முன்னோர் ஆய்வாக இருக்க வேண்டும் என்பது மரபு. அதை நெறியாளர் மட்டும் புரட்டுவார். அவரும் தம் கட்டுரைகள் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்க்கும் அளவுக்கே.

கையில் உள்ள நினைவகத்தைவிட அதிகம் இருப்பதாகக் காட்டும் வித்தை 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், அட்லஸ் என்ற கணினியில் நடைமுறைக்கு வந்தது. உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை அது மெதுவான காந்த உருளைக்கு மாற்றிவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொணர்ந்தது. மான்செஸ்டர் பஞ்சாலைகளால் பேர்பெற்ற ஊர். திண்டுக்கல் மாவட்டமும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளால் பேர்பெற்றது. நூல் நூற்கும் ஊரிலேயே நினைவகத் தட்டுப்பாடு தோன்றும் என்ற கருதுகோளை இதுவரை எவரும் முன்வைக்காதது வியப்பளிக்கிறது. கோயம்புத்தூரையும் சேர்த்துக்கொண்டால் இது மூன்று ஊர் ஒப்பாய்வாகும். ஒப்பாய்வுக்கு நிதி எளிதில் கிடைக்கும்.

அட்லஸின் உருளை இருந்த இடத்தில் இன்றைய விண்டோஸில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதில் பேஜ்ஃபைல் என்ற மறைகோப்பு. ராம் நிரம்பும்போது பக்கங்கள் அங்கே அனுப்பப்படுகின்றன. நாகல்நகரில் ஒரு பூட்டுக் கடை. உள்ளே இடமில்லாமல் பாதிச் சரக்கு ஊருக்கு வெளியே குடோனில் கிடக்கிறது. வருகிற ஆள் ஒவ்வொருவரும் குடோனில் உள்ள பூட்டையே கேட்டால் கடைப்பையன் என்ன ஆவானோ, அதுவே கணினியும் ஆகிறது. ராமில் ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி. சுழலும் டிஸ்கில் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி. இரண்டுக்கும் இடையே 1 லட்சம் மடங்கு தூரம். ஓடும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் வேண்டிய பக்கங்களை வைக்க இடம் போதாவிட்டால், கணினி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைத் தூக்கி மாற்றுவதிலேயே பொழுதைக் கழிக்கும் என்று பீட்டர் டென்னிங் 1968இல் ஆராய்ந்து எழுதினார். திண்டுக்கல்லில் இக்கோட்பாடு "ஹேங் ஆகுது" என்று சுருக்கமாக வழங்குகிறது.

வகைப்பாடு

பின்னணி நிரல்களை ஐந்திணையில் அடக்கலாம் என்பர் ஒரு சாரார். எதையும் ஐந்திணையில் அடக்க இயலும் என்பது கருத்தரங்க மலர்கள் பலவற்றால் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டமையால், அதில் புதுமை இல்லை. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த முறையே இங்கே பின்பற்றப்படுகிறது. இவ்வகைப்பாட்டால் ஒரு பயனும் இல்லை. ஆயினும் வகைப்பாடு இல்லாத ஆய்வேடு பிணைக்கக் கொடுக்கப்படுவதில்லை.

ஓரறிவு நிரல்: பிரின்டரில் மை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது. பிரின்டர் பழைய இரும்புக் கடைக்குப் போன பின்னும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈரறிவு நிரல்: புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தன் தலைமையகத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு மென்பொருளும் இப்படி ஒன்றைத் தனக்கென்று வளர்க்கிறது.

மூவறிவு நிரல்: என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சுக் கருவிகள். உருவில் சிறியவை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் இன்றியமையாதவை. இவற்றின் மேல் பழி போடுவது வழக்கம், பழி ஆதாரமற்றது.

நாலறிவு நிரல்: ஆன்டிவைரஸ். ஒன்று இருந்தால் காவல். இரண்டு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டு, கணினியைப் பயனருக்குத் தராமல் வைத்துக்கொள்ளும்.

ஐந்தறிவு நிரலுக்கு இரண்டு சொல் கூடுதலாகத் தேவை. இ-சேவை மையங்களில் ஆதார் கைரேகைக் கருவியோடு வரும் ஆர்டி சர்வீஸ் இவ்வகையைச் சேர்ந்தது. கருவியில் விரலை வைத்ததும் ரேகையை மறையாக்கம் செய்து இணையப் பக்கத்துக்குக் கொடுப்பது இதன் வேலை. கணினிக்கு உள்ளேயே 11100 முதல் 11120 வரையிலான வாசல்களில் ஒன்றில் இது காத்திருக்கும். பக்கம் அந்த வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். நினைவகத்தை மிச்சப்படுத்தப் புறப்பட்ட கடைப்பையன், பெயர் புரியாத நிரலை எல்லாம் நிறுத்தும்போது இதையும் நிறுத்திவிடுவது இயல்பு. பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வந்த பெரியவர் கட்டைவிரலை வைக்கிறார்; சிவப்பு விளக்கு எரியவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். "அண்ணே, அய்யாவோட ரேகையே விழுகல, தேஞ்சுபோச்சு போல" என்கிறான் பையன். "சுருட்டு சுத்துன கை தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்று குற்றத்தைப் பெரியவரே ஏற்றுக்கொள்கிறார். ஆய்வு நெறிப்படி இது தவறான காரணத்தைச் சரியான சோகத்தோடு பொருத்துதல் எனப்படும்.

ஆறறிவு நிரல்: பிரவுசர். மூடிய பின்னும் போகாது என்பதால் அதற்கு ஆறாவது அறிவு உண்டெனத் தெளியப்படும். 2008இல் வெளிவந்த குரோம் தொடக்கம் முதலே டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து நடத்துகிறது. ஒரு டேப் செத்தால் மற்றவை பிழைக்கும். அதற்கான விலை நினைவகத்தில் வசூலிக்கப்படுகிறது.

ரெஃப்ரெஷ் இயல்

நினைவகத்தைக் குறைக்கும் முறைகளுள் தலையாயதாக இவ்வட்டாரத்தில் போற்றப்படுவது, டெஸ்க்டாப்பில் வெற்றிடம் பார்த்து வலது கிளிக் செய்து ரெஃப்ரெஷ் என்பதை அழுத்துதல். எஃப் 5 விசையை அழுத்தினும் அமையும். இச்செயல் டெஸ்க்டாப் கோப்புறையை மறுபடி வாசித்து, ஐகான்களை மறுபடி வரைகிறது. நினைவகத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பு இல்லாமையே இதைப் பற்றி விரிவாக எழுத வாய்ப்பளிக்கிறது.

எத்தனை முறை அழுத்துவது என்பதில் மூன்று கொள்கைகள் உள. ஒருமுறையே போதும் என்பார் ஒருமையர். மும்முறை என்பார் மும்மையர். கணினி வழிக்கு வரும் வரை எஃப் 5இலிருந்து விரலை எடுக்கலாகாது என்பார் எண்ணிலியர். ஒருமையர் எண்ணிக்கையில் அருகிவிட்டனர். ஒருமுறை அழுத்திய எவரும் அதோடு நிறுத்தியதில்லை என்பதே அதற்குக் காரணம்.

மும்மையருக்கு ஆதாரமான மூலச்சான்று, சாலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பில் புத்தகப் பின்னட்டையில், நீலப் பால்பாயின்ட் பேனாவால் எழுதப்பட்டு, கீழ்ப்பாதி டீ கிளாஸின் வட்டக் கறையால் மறைந்த நிலையில் காணப்படும் குறிப்பு. "ஸ்லோவானா 3 தடவ" என்பது அதன் வாசகம். இதில் 3 என்று கொள்ளப்படும் எண்ணின் இடப்புறம் கறையின் விளிம்பு ஓடுவதால், அது 8 ஆகவும் இருக்கலாம் என்பர் மாற்றுப் பள்ளியினர். 3 என்பதே பழைய பாடம், 8 என்பது டீயால் நேர்ந்த இடைச்செருகல் என்று மும்மையர் மறுப்பர். டீ முந்தியதா எழுத்து முந்தியதா என்பதைத் தீர்க்காமல் இப்பாடபேதம் தீராது. இதன் மேல் குறைந்தது இரண்டு முனைவர் பட்டங்களுக்கு இடமுண்டு. எதிரெதிர் முடிவுகளோடு, ஒரே நெறியாளரிடம்.

இரண்டாவது சான்று இன்னும் சிறப்புடையது. பேகம்பூர்ப் பக்கம் ஒரு கடையில் கிடைத்த தினசரி காலண்டர்த் தாள் அது, ஆடிப்பெருக்கு நாளுக்குரியது. முன்புறம் ராகுகாலம், எமகண்டம், மேஷத்துக்கு அலைச்சல். பின்புறம் பாக்கிக் கணக்கு. அதன் நடுவே, தோல் ஷாப்பு ஆள் தர வேண்டிய தொகைக்கும் கேபிள்காரருக்குத் தர வேண்டிய தொகைக்கும் இடையில், "ரெஃப்ரெஷ் பண்ணிட்டு ஓபன் பண்ணவும்" என்ற வரி. இவ்வரியின் காலம் கணிக்கத்தக்கது. அதற்கான முறை வருமாறு: கிழிக்காத தாளின் பின்புறம் எழுத முடியாது, ஆகவே எழுத்து ஆடிப்பெருக்குக்கு முந்தியதன்று. எவ்வளவு பிந்தியது என்பதற்கு வரம்பில்லை. எனவே அது ஆடிப்பெருக்கன்றே எழுதப்பட்டது எனக் கொண்டு, அடுத்த பதிப்பில் சில ஆண்டுகள் முன்னே தள்ளிக்கொள்ளலாம். இம்முறை தமிழ்நூல்களின் காலக் கணிப்பில் நெடுங்காலமாகப் புழங்கிவருவது, புதிதன்று.

மூன்றாவது, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் மூடிக்கிடக்கும் ஒரு பிரவுசிங் சென்டரின் நாலாவது தடுப்புப் பலகை. காம்பஸ் முனையால் கீறப்பட்ட இரண்டு பெயர்கள், அவற்றை ஊடுருவும் ஓர் அம்பு, அடியில் "எஃப் 5". இதைக் காதற் குறிப்பு என்று தள்ளுவாரும் உளர். உறவைப் புதுப்பித்தற்கான வேண்டுகோள் என்று கொள்வாரும் உளர். தொழில்நுட்பக் குறிப்பே என்பது இவ்வாய்வின் துணிபு. என்னை? காதலர் இருவரும் எதிரே பார்த்திருந்தது கணினியை. கல்வெட்டை வாசிக்கையில் எதிரே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும் என்ற நெறி இங்கே முதன்முறையாகக் கையாளப்படுகிறது. பலகை பின்னர் ஒரு கோழிக்கூண்டுக்குக் கதவாகப் போய்விட்டமையால், மறுவாசிப்புக்கு வாய்ப்பில்லை. ஆய்வு முடிவுகள் நிலைபெறுவதற்கு இது பேருதவி.

வெற்றிடம் பற்றிய விவாதமும் சொல்லற்பாலது. சில டெஸ்க்டாப்களில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், ரேஷன் கார்டு ஸ்கேன்கள், "நியூ ஃபோல்டர்", அதனுள் மற்றொரு "நியூ ஃபோல்டர்" என்று திரை முழுதும் நிரம்பி, வலது கிளிக் செய்ய விரலகல இடமும் இருப்பதில்லை. இத்தகைய நிலத்தில் டாஸ்க்பாருக்கு மேலே உள்ள மெல்லிய வரப்பைப் பயன்படுத்துக என்று ஒரு விதி உண்டு. தவறி ஐகான் மேல் அழுத்தியவர் டெலீட் என்பதை ரெஃப்ரெஷ் எனக் கருதி அழுத்திய நிகழ்வுகளும் உண்டு. அப்போது டெஸ்க்டாப் மெய்யாகவே சற்றுக் காலியாகிறது.

ரெஃப்ரெஷ் இந்நாட்டாருக்கு மட்டும் உரிய சடங்கன்று. விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பில் இந்த ஆணை வலது கிளிக் பட்டியலின் உள்ளடுக்குக்குத் தள்ளப்பட்டது. 2021 ஜூலையில் வந்த அடுத்த சோதனைப் பதிப்பிலேயே முன்னடுக்குக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. நினைவகத்துக்கு உதவாத ஒன்றுக்காகப் பேரரசு ஒன்று பின்வாங்கிய வரலாற்றை மும்மையரும் எண்ணிலியரும் சேர்ந்தே கொண்டாடலாம்.

ஐகான்கள் ஒருகணம் மறைந்து தோன்றுவதே இதன் மெய்ப்பொருள் என்ப. கணினி சொல்பேச்சுக் கேட்கிறது என்ற ஆறுதல் அழுத்தியவருக்குக் கிடைக்கிறது. அந்த ஒருகணத்தில் டிஸ்க் தன் பாட்டுக்கு வேலையை முடித்திருந்தால், பெருமை ரெஃப்ரெஷ்ஷுக்குச் சேரும்.

அளத்தல்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெருந்தீனிக்காரர்கள் மேலே வரிசைப்படுவர். காலியிடம் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு அலறுதல் புதியவர் வழக்கம். ராமில் பயன்படாத பகுதியை விண்டோஸ் சும்மா விடுவதில்லை. அடுத்துத் தேவைப்படலாம் என்று தோன்றுவதை முன்கூட்டியே எடுத்து அடுக்கி வைக்கிறது. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் தொடங்கிய வழக்கம் இது. அடுக்கிய இடத்தை வேறு நிரல் கேட்டால் உடனே கொடுத்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது காலியாக எவ்வளவு என்பதன்று. கேட்டால் கிடைப்பது எவ்வளவு என்பது.

பட்டியலில் சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு வைரஸ் என்று முடிவு கட்டுவோர் பலர். விண்டோஸின் உட்பணிகளைச் சுமக்கும் வாகனம் அது. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல், 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினியில் பெரும்பாலான பணிகளுக்குத் தனித்தனி வாகனம். அதற்குக் கீழே உள்ளவற்றில் ஷேர் ஆட்டோ. 2 ஜிபி மடிக்கணினிக்கு விண்டோஸ் காட்டிய பரிவு இவ்வளவே.

ஒடுக்கும் முறைகள்

ராம் பூஸ்டர் எனப்படும் மென்பொருள்கள் பொத்தானை அழுத்தியதும் எண்ணைக் குறைத்துக் காட்டும். ஓடும் நிரல்களின் பக்கங்களை ராமிலிருந்து வலிந்து வெளியேற்றுவதால் எண் குறைகிறது. அந்த நிரல்கள் அடுத்த கணமே தம் பக்கங்களைத் திரும்பக் கேட்பதால் கணினி முன்னிலும் தள்ளாடுகிறது. இவை தாமும் பின்னணி நிரல்கள் என்பதைப் பூஸ்டர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுதல் மெக்கானிக்குகளின் மரபு. திரையே வராமல் பீப் ஒலி மட்டும் வரும் நோய்க்கு அது கைகண்ட மருந்து. இடப்பற்றாக்குறைக்கு மருந்தன்று. தேய்க்கத் தேய்க்க ராம் பெருகியதாகச் சான்றில்லை.

டெம்ப் கோப்புகளை அழித்தல் டிஸ்கில் இடம் ஒழித்துத் தரும், ராமில் அன்று. ப்ரீஃபெட்ச் கோப்புறையை அழித்தால் அடுத்த முறை நிரல்கள் திறக்க இன்னும் நேரமாகும்.

பயன் தருவன சிலவும் உள. சுவையற்றவை என்பதால் சுருக்கமாகச் சொல்லப்படும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் ஓரறிவு, ஈரறிவு நிரல்களை டிஸேபிள் செய்தல். விண்டோஸ் 7 என்றால் இப்பகுதி அங்கே இராது. எம்எஸ்கான்ஃபிக் என்று ரன் பெட்டியில் அடித்துத் திறக்க வேண்டும். தட்டச்சுக் கருவி, ஆர்டி சர்வீஸ், ஒரே ஓர் ஆன்டிவைரஸ் ஆகியவற்றைத் தொடாதிருத்தல். விண்டோஸ் 10இல் பிரைவசி அமைப்புகளுக்குள் இருக்கும் பின்னணிச் செயலிகள் பட்டியலை அணைத்தல். குரோமின் சிஸ்டம் அமைப்பில், மூடிய பின்னும் பின்னணியில் ஓடலாம் என்று கொடுத்திருக்கும் அனுமதியைத் திரும்பப் பெறுதல், நீட்டிப்புகளைக் களைதல், பார்க்காத டேப்பை மூடுதல். 2022 இறுதியில் அறிமுகமான மெமரி சேவர் பார்க்காத டேப்பைத் தானே உறங்கவைக்கும்.

இரவில் ஷட் டவுன் செய்து காலையில் எழுப்பினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை விண்டோஸ் 8 முதல் முழுதும் உண்மையன்று. விரைவாக எழ வேண்டி, இயங்குதளத்தின் உட்பகுதி தன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுப் படுக்கிறது. காலையில் அதையே எடுத்துப் படிக்கிறது. நாட்கணக்கில் சேர்ந்த கோளாறும் அதோடு எழக்கூடும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் உட்பகுதி முதலிலிருந்து தொடங்கும்.

கூடுதலாக ஒரு ராம் வாங்கிப் போடுதலும், சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுதலும் உண்டு. போட்டதும் கணினி சரியாகிவிடுவதால், இவற்றில் ஆய்வுக்கு இடமில்லை.